லண்டனில் அறையைக் காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது?

கேள்வி: அண்ணா, மாணவர் விசாவில் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையில் இருக்கிறேன். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்கிறார் வீட்டுக்காரர். கவுன்சிலுக்கு (உள்ளாட்சி அலுவலகத்துக்கு) உதவி கேட்டுப் போனால் விசாவுக்கு ஆபத்து வருமா?

பதில்: தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். ஆலோசனை கேட்பது விசா நிபந்தனையை மீறுவது ஆகாது. வீட்டை இழக்காமல் இருப்பதற்கான ஆலோசனையைத் தன் பகுதியில் இருக்கும் எவருக்கும் கவுன்சில் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 179ஆம் பிரிவு. உங்கள் விசாவில் இருக்கும் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்' நிபந்தனை தடுப்பது கவுன்சில் வீட்டையும், வீடற்றவர்களுக்கு அது தரும் தங்குமிடத்தையும், அரசு உதவித்தொகைகளையும்தான்.

அடுத்து, வீட்டுக்காரரும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறாரா? உங்களுக்கும் அவருக்கும் ஒரே சமையலறை, ஒரே குளியலறை என்றால், நியாயமான அவகாசம் கொடுத்து உங்களை அனுப்பிவிடலாம், நீதிமன்றம் தேவையில்லை. அவர் வேறெங்கோ இருந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்றுவது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். வாடகை செலுத்திய வங்கிப் பதிவுகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் இன்றே பத்திரப்படுத்துங்கள்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். வந்த முதல் குளிர்காலத்தில் வாடகையை ரொக்கமாகவே கொடுத்து வந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து வந்தால், சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. வாசலில் கறுப்புக் குப்பைப் பைகளில் என் துணிகள். மேலே அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி டப்பா, மூடி கழன்று, மழையில் கட்டியாகிக் கிடந்தது. வீட்டுக்காரர் வேறு தெருவில் இருந்தார். சட்டம் என் பக்கம்தான் இருந்தது. அது தெரியாமல், நான்கு இரவுகள் நண்பரின் அறைத் தரையில் படுத்துக்கொண்டு, நான்தான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று வெட்கப்பட்டேன்.

அப்படி அடுத்தவர் அறையில் ஒண்டியிருப்பவரையும் இங்கே சட்டம் வீடற்றவர் என்றே ஏற்கிறது. நம்மவர் பலர் தெருவில் படுத்தால்தான் வீடற்றவர் என்று நினைத்து, உதவி கேட்க வேண்டிய நேரத்தைத் தவறவிடுகிறார்கள். 2024 இலையுதிர்காலத்தில் ஒரே இரவில் எடுத்த கணக்கின்படி இங்கிலாந்தில் தெருவில் படுத்தவர்கள் 4,667 பேர். கவுன்சில்கள் தற்காலிகத் தங்குமிடங்களில் வைத்திருந்த குடும்பங்களோ 1,20,000க்கும் மேல். ஈஸ்ட் ஹாம் அடங்கிய, நம்மவர் நிறைந்த நியூஹாம் கவுன்சில் இதில் முன்வரிசையில் இருக்கிறது.

நிரந்தர வதிவுரிமை அல்லது அகதி அந்தஸ்து உள்ளவர்கள் கவனிக்கவும். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 56 நாட்களுக்குள் வீட்டை இழக்கும் நிலை இருந்தாலே கவுன்சில் தலையிட வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்ததுமே போய்விடுங்கள். வெளியேற்ற ஆள் வரும்வரை பொறுத்திருக்கச் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள்.

எந்த விசாவில் இருந்தாலும், பிள்ளைகளோடு நிர்க்கதியாக நிற்கும் குடும்பத்துக்கு உதவ 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு இருக்கிறது. அதற்கு கவுன்சிலின் வீட்டுவசதித் துறையை விட்டுவிட்டு, சமூக சேவைத் துறையைக் கேட்க வேண்டும்.

விசாவைக் காட்டிக் கதவடைப்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. 2020 மார்ச்சில், கொரோனா பரவியபோது, தெருவில் இருப்பவர்கள் எல்லோரையும் உள்ளே அழைத்து வாருங்கள் என்று அரசு கவுன்சில்களுக்குச் சொன்னது. விசா நிபந்தனையால் உதவி மறுக்கப்பட்டு வந்தவர்களுக்கும் ஓட்டல் அறைகள் கிடைத்தன. நோய் வந்தபோது திறந்த கதவைச் சாதாரண நாட்களிலும் திறந்து வைக்க முடியும் என்றே நம்புகிறேன்.

கேள்வி: ஸ்டேஷன் பக்கத்தில் தமிழ் பேசும் பெரியவர் ஒருவர் படுக்கிறார். சாப்பாடு கொடுத்தேன். வேறென்ன செய்யலாம்?

பதில்: நல்ல காரியம் செய்தீர்கள். தெருவில் படுப்பவர்களைப் பற்றித் தகவல் சொல்வதற்கான ஸ்ட்ரீட்லிங்க் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். எந்தக் கடை வாசல், எத்தனை மணிக்குப் படுக்கிறார், என்ன உடை என்று துல்லியமாக எழுதுங்கள். தேடி வரும் குழு அதை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கும். கடும் குளிர் இரவுகளில் கவுன்சில்கள் அவசரப் படுக்கைகள் திறக்கும். பல இடங்களில் அப்போது விசா பார்ப்பதில்லை. அவருக்கு ஆங்கிலம் வராவிட்டால் அதையும் குறிப்பிடுங்கள். குழு வரும்போது நீங்களும் பக்கத்தில் இருக்க முடிந்தால் இருங்கள்.