மாரியில் மாறும் விசை: .303 துவக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பெரியப்பாவிடம் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு பழைய இராணுவத் துவக்கு இருக்கிறது, லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 மார்க் 1. விசையை இழுத்தால் முதலில் லேசாக வரும், அப்புறம் ஒரு தடிப்பு, பிறகுதான் விடுபடும். திருகோணமலையில் மாரி தொடங்கினால் போதும், விசை தொளதொளவென்று கிடந்து, தடிப்பே தெரியாமல் விடுபடுகிறது. கோடையில் தானாகச் சரியாகிவிடும். (ரவை இல்லாமல்தான் பார்த்தோம்.)

மார்க் 1இல் விசை மாட்டியிருப்பது விசைக்காப்பில் (விசையைச் சுற்றியிருக்கும் உலோக வளைவு). துவக்கின் மரக்கட்டை ஈரத்தில் ஊதி அதைக் கீழே தள்ளுகிறது என்பது என் சந்தேகம். பிறகு வந்த மார்க் 2இல் விசையை உலோக உடலிலேயே மாட்டினார்களே! ஒருவர் சியரை (விசையை இழுக்கும்வரை அடிக்கும் ஊசியைத் தடுத்துப் பிடிக்கும் துண்டு) அராவச் சொல்கிறார். எனக்குத் துளியும் மனமில்லை, தட்டினாலே வெடிக்கிற துவக்காகிவிடும். விசைக்காப்பின் முன் திருகாணியைச் சுற்றி வரும் குழாய்வளையம் இல்லாவிட்டாலும் இப்படி வருமா? கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் போதுமா? கிழக்கில் அனுமதியுள்ள துவக்குத் திருத்துநர் யாராவது உண்டா?