மருந்தெதிர்ப்பு பாக்டீரியாவுக்குக் கூட்டு மருந்து கட்டாயமா?

நுண்ணோக்கி:
எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாவுக்கு ஒற்றை ஆன்டிபயாடிக்கை எந்த நிலையிலும் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. காசநோய்க் கிருமிகளில், ரைஃபாம்பிசினை எதிர்க்கும் மரபணுப் பிறழ்வு ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒன்றுக்கும், ஐசோநியாசிடை எதிர்ப்பது பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் தானாகவே அமைந்துவிடுகிறது. நுரையீரல் குழிப்புண் ஒன்றில் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், தனி மருந்து தோற்றே தீரும். இரண்டையும் ஒருசேர எதிர்க்கும் கிருமி உருவாகும் வாய்ப்போ அவ்விரண்டின் பெருக்கல். ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

தராசுமுள்:
நண்பரே, அந்தப் பெருக்கல் காசநோய்க்குச் சரி. அங்கே எதிர்ப்பு, கிருமியின் சொந்த மரபணுவில் தனித்தனியாக நேரும் பிறழ்வுகளால் மட்டுமே வருகிறது. குடல்வாழ் பாக்டீரியாக்களில் ஒரே பிளாஸ்மிட் (கிருமிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு டிஎன்ஏ வளையம்) நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களைச் சுமந்துகொண்டு, பக்கத்துக் கிருமிக்கு ஒரே தடவையில் போய்ச் சேர்ந்துவிடும்போது எதை எதனோடு பெருக்குவீர்கள்? கூட்டு கெடுதலும் செய்யும். நிமோகாக்கஸ் மூளைக்காய்ச்சலுக்குப் பெனிசிலினோடு குளோர்டெட்ராசைக்ளினையும் சேர்த்துக் கொடுத்தவர்களிடையே, பெனிசிலின் மட்டும் பெற்றவர்களைவிட இறப்பு மிக அதிகம் என்று 1951இலேயே அறிக்கை வந்தது. பெனிசிலின், செல் சுவரின் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதியை முடக்குகிறது. சுவரைக் கட்டிக்கொண்டே வளரும் கிருமிதான் அதனால் வெடித்துச் சாகும். டெட்ராசைக்ளின் புரத உற்பத்தியை நிறுத்தி வளர்ச்சியையே உறையவைத்துவிட்டால், பெனிசிலினுக்கு வேலை இல்லை.

நுண்ணோக்கி:
அது பொருந்தாத ஜோடி. அதை வைத்துக் கூட்டு முறையையே தள்ளுவது நியாயமன்று. அமாக்சிசிலினோடு சேரும் கிளாவுலானிக் அமிலம், பெனிசிலினைப் போன்ற உருவத்தோடு பெனிசிலின் வகை மருந்துகளை வெட்டும் பீட்டா-லாக்டமேஸ் நொதியின் குழிவுக்குள் நுழைகிறது. அதை வெட்டப்போன நொதி, அதனோடே ஒட்டிக்கொண்டு செயலிழக்கிறது. என்டரோகாக்கஸ் இதயவால்வைத் தாக்கும்போதும், பெனிசிலின் வகை மருந்து சுவரைத் தளர்த்திய பிறகே ஜென்டாமைசின் போதிய அளவில் உள்ளே புகுந்து, புரதம் உருவாக்கும் ரைபோசோமை எட்டுகிறது.

தராசுமுள்:
இவற்றில் ஒவ்வொரு மருந்துக்கும் தெளிவான பங்கு இருக்கிறது என்பதைத்தான் நானும் சொல்கிறேன். துத்தநாகத்தைக் கொண்டு இயங்கி மருந்தை வெட்டும் என்டிஎம் (NDM) என்ற பீட்டா-லாக்டமேஸ் நொதியைக் கிளாவுலானிக் அமிலம் தொடாது. அங்கே அஸ்ட்ரியோனாம் என்ற ஆன்டிபயாடிக் பயன்படும், ஏனெனில் அதை என்டிஎம்மால் வெட்ட முடியாது; கூடவே இருக்கும் வேறு நொதிகள் வெட்டிவிடாமல் அவற்றை முடக்கும் அவிபாக்டம் காக்கிறது. எதிர்ப்பின் வழி தெரிந்து அமைத்த கூட்டு அது. கொலிஸ்டினோடு மெரோபெனெமைச் சேர்த்தது அப்படியன்று. சோதனைக்குழாயில் நன்றாகத் தெரிந்த அந்த ஜோடியை, கார்பபெனெமுக்கு (மெரோபெனெம் சேர்ந்த மருந்து வகை) அடங்காத தொற்றுள்ள 406 நோயாளிகளிடம் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்று. கொலிஸ்டின் மட்டும் பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

ஓரப்பார்வை:
இடையில் ஒரு சொல். 96 குழிகள் கொண்ட தட்டில் இரு மருந்துகளையும் படிப்படியாக நீர்க்கச் செய்து, எந்தக் குழி கிருமி வளர்ந்து கலங்காமல் தெளிவாக நிற்கிறது என்று பார்த்துக் கூட்டுவிளைவைக் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு மருந்தும் கூட்டில் தேவைப்படும் அளவைத் தனியே தேவைப்படும் அளவால் வகுத்து, இரண்டையும் கூட்டினால் வரும் குறியீட்டெண் 0.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் மருந்துகள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்று பொருள். ஆனால் குழியில் செறிவு அப்படியே நிற்கும், உடலில் நிற்காது. டிரைமெத்தோபிரிமையும் சல்ஃபாமெத்தாக்சசோலையும் மாத்திரையில் 1:5 என்று வைத்தால்தான் இரத்தத்தில் 1:20 அளவில் அமைகிறது.

நுண்ணோக்கி:
"எந்த நிலையிலும்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கல்ச்சர் (கிருமியை வளர்த்து அடையாளம் காணும் சோதனை) முடிவு வர இரண்டு மூன்று நாளாகும் வேளையில், இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு ஒரே மருந்தை நம்பி உட்கார முடியாது.

தராசுமுள்:
அதை நான் மறுக்கவில்லை. இரண்டில் ஒன்றாவது பொருந்தட்டும் என்று வலையை அகலமாக விரிப்பது அது. மருந்துகள் ஒன்றுக்கொன்று துணை செய்வது வேறு. முடிவு வந்த பின்னும் இரண்டாவது மருந்தை நிறுத்தாமல் பத்து நாள் தொடர்வதற்கு நீங்கள் என்ன காரணம் சொல்வீர்கள்?