ஒழித்த வீடு மறுபடி நிரம்பிவிடுகிறது: எங்கே தொடங்குவது, எப்படி நிலைநிறுத்துவது?

தாழ்வாரம்:

நான்கு பேர் வசிக்கும் இரண்டு படுக்கையறை வீடு. பரண், கட்டிலுக்கு அடி, பீரோவின் மேல்தட்டு எல்லாமே நிறைந்துவிட்டன. ஒரு அறையை முழுக்கக் காலி செய்து துடைத்து அடுக்கினால் பளிச்சென்று ஆகிறது, சில வாரங்களில் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கிப் போட்டும் பலனில்லை. உள்ளே இருப்பது மறந்துபோய், இருக்கிற பொருளையே திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது.

எங்கே தொடங்க வேண்டும்? எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று தடுமாறாமல் முடிவெடுக்க வழி என்ன? அடுக்கியது அப்படியே நிற்க என்ன செய்ய வேண்டும்? படுக்கையறை நாற்காலியில் மலைபோல் சேரும் துணிக்கும் யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.

இழுப்பறை:

பெட்டி வாங்குவது கடைசி வேலை. முதலிலேயே வாங்கினால் கழிக்க வேண்டியதும் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். என்ன மிஞ்சுகிறது என்று தெரிந்த பிறகு, வைக்கப்போகும் தட்டின் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்துகொண்டு வாங்குங்கள்.

அறை அறையாகப் போவதைவிட வகை வகையாகப் போவது நல்லது. கத்தரிக்கோல் சமையலறையில் இரண்டு, மேசையில் ஒன்று, தையல் டப்பாவில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும்போது யாருக்கும் எண்ணிக்கை தெரியாது. ஒரே இடத்தில் கொட்டினால்தான் தெரியும். ஆனால் ‘துணி’ என்று மொத்தமாக இறக்காதீர்கள், மூச்சு முட்டிவிடும். ‘துண்டுகள்’, ‘போர்வைகள்’ என்று சின்ன வகையாக எடுங்கள். 45 நிமிடம் பிரிப்பது, 15 நிமிடம் வெளியேற்றுவது. பிரித்ததை அன்றே வெளியேற்றாவிட்டால் குவியல் வேறு இடத்துக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான்.

வரிசை முக்கியம். உடைந்தது, காலாவதியானது, ஜோடி இல்லாதது முதலில்: இவற்றுக்கு யோசனையே தேவையில்லை. அடுத்து ஒன்றுக்கு மேல் இருப்பவை. புகைப்படம், கடிதம், நினைவுப் பொருட்கள் கட்டக் கடைசி. ஆல்பத்தைத் திறந்தால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும். இடம் என்று பார்த்தால் முழங்காலுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட தட்டுகளில் தொடங்குங்கள். தினமும் கை போகும் இடம் அதுதான். பரணை இறக்கினால் பரப்பத் தரை வேண்டும், அந்தத் தரை இப்போது உங்களிடம் இருக்காது.

பக்கத்தில் நான்கு பைகள்: குப்பை, கொடுக்க, பழுதுபார்க்க, வேறு அறைக்கு. நான்காவது பை இல்லையென்றால் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைக்கப் போனவர் அந்த அறையை அடுக்க ஆரம்பித்துவிடுவார். பழுதுபார்க்கும் பையில் தேதி எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரிசெய்யாததை இனியும் சரிசெய்யப் போவதில்லை. கொடுக்கும் பையின் வாயைக் கட்டி வாசலருகே வையுங்கள். திறந்து கிடந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வரும்.

முடிவெடுக்க, “எப்போதாவது பயன்படுமா?” என்று கேட்காதீர்கள். அதற்கு எப்போதும் ஆமாம் என்றுதான் பதில் வரும். “இது இன்று தொலைந்துபோனால் திரும்ப வாங்குவேனா?” என்று கேளுங்கள். பத்திரமாக வைத்தால் அப்படியே இருக்கும் என்பதும் பல பொருட்களில் உண்மையில்லை. பாலியூரித்தேன் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கால் ஆன அடிப்பாகம் உள்ள காலணியும், அதே பூச்சுள்ள செயற்கைத் தோல் பையும் காற்றின் ஈரத்தால் மெல்லச் சிதையும். பயன்படுத்தாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் ஒரு நாள் பொடிப்பொடியாக உதிரும், பட்டை பட்டையாக உரியும்.

மேசைவிளக்கு:

நாற்காலித் துணியில் பெரும்பகுதி ஒருமுறை உடுத்தியவையாக இருக்கும். துவைக்கப் போடும் அளவுக்கு அழுக்கில்லை, மடித்த துணியோடு சேர்க்கும் அளவுக்குச் சுத்தமும் இல்லை. வீட்டில் அதற்கென்று ஓர் இடமும் இல்லாததால் நாற்காலிக்குப் போகிறது. திட்டினால் தீராது, இடம் கொடுத்தால் தீரும். கதவின் பின்புறத்திலோ சுவரிலோ ஆளுக்கு மூன்று கொக்கிகள் அடியுங்கள். பெரியவர்களுக்குத் தரையிலிருந்து சுமார் 160 செ.மீ., சின்னப் பிள்ளைகளுக்கு 90 முதல் 100 செ.மீ. உயரம். கொக்கிகளுக்கு இடையே குறைந்தது 15 செ.மீ. விடுங்கள். ஒரு கொக்கிக்கு ஒரு துணிதான். மூன்றும் நிறைந்தால் பழையது துவைக்கப் போகும். நாற்காலியையும் வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

பீரோவில் பெரும்பாலும் கோளாறு ஆழத்தில்தான். ஹேங்கர் மாட்டும் பகுதிக்கு 55 முதல் 60 செ.மீ. ஆழம் வேண்டும், மடித்த துணிக்கு 30 முதல் 35 செ.மீ. போதும். 60 செ.மீ. ஆழத் தட்டில் மடித்த துணி வைத்தால் இரண்டு வரிசை ஆகும், பின்வரிசையை யாரும் தொட மாட்டார்கள். அந்தத் தட்டில் முன்னிருந்து பின்னுக்கு நீளும் பெட்டிகளை வைத்து இழுப்பறைபோல இழுத்து எடுங்கள். துணி அடுக்கு 25 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடியில் உள்ளதை உருவும்போது முழுதும் சரியும். தட்டுகளுக்கு நடுவே 45 செ.மீ. இடைவெளி இருந்தால் இன்னொரு தட்டு போடுங்கள். ஹேங்கர் கம்பியில் ஒரு சட்டைக்கு 3 செ.மீ. என்று கணக்கு வையுங்கள். 90 செ.மீ. கம்பியில் முப்பது மாட்டலாம், ஆனால் கை நுழைய வேண்டுமானால் இருபத்தைந்தோடு நிறுத்துங்கள். பின்னல் ஆடைகளை மாட்டாதீர்கள், தோள் தொங்கிப்போகும். மடித்து வையுங்கள்.

நெடுநாள் வைக்கும் துணியில் கஞ்சி இருக்கக் கூடாது, ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. இஸ்திரி போட்ட சூடு முழுக்க ஆறிய பிறகே உள்ளே வையுங்கள். நாப்தலீன் உருண்டையோடு கற்பூரத்தைச் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் கலந்தால் இளகி நீராகித் துணியில் கறை பிடிக்கும். நாப்தலீன் குழந்தைகளின் கைக்கு எட்டவே கூடாது, விழுங்கினால் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

பெட்டிகளைப் பொறுத்தவரை, உள்ளே இருப்பது தெரியும் வகையே உங்களுக்குச் சரிவரும். பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டாமல் நம்மைப் பார்த்திருக்கும் பக்கத்தில் ஒட்டுங்கள். ‘இதர’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள்! புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி போதும். 20 லிட்டர் பெட்டியில் நெருக்கி அடுக்கினால் எடை 12 கிலோவைத் தாண்டிவிடும், பரணிலிருந்து இறக்கும்போது ஆபத்து.

தாழ்வாரம்:

இருவருக்கும் மிக்க நன்றி. பீரோ 60 செ.மீ. ஆழம்தான், காரணம் இப்போது புரிகிறது. காகிதங்களையும் பழைய போன், சார்ஜர் வயர்களையும் என்ன செய்வது? தூக்கிப் போடப் பயமாக இருக்கிறது.

சாவிக்கொத்து:

வீட்டுக்குள் வரும் காகிதத்தைக் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் நின்றபடியே பிரியுங்கள், உறையும் விளம்பரமும் அங்கேயே போய்விடும். செய்ய வேண்டிய வேலை உள்ளவற்றுக்கு ஒரே ஒரு செங்குத்து ஃபைல், 3 செ.மீ. தடிமனுக்கு மேல் வேண்டாம். அது நிறைந்தால் உட்கார்ந்து வேலையை முடிக்க வேண்டும். பில்களில் பல வெப்பத்தால் அச்சாகும் தாளில் வருபவை, சூட்டிலும் வெளிச்சத்திலும் எழுத்து மங்கிவிடும். உத்தரவாதம் உள்ள பொருளென்றால் வாங்கிய அன்றே படம் எடுத்து, தேதியும் பொருளின் பெயரும் வைத்துச் சேமியுங்கள்.

சான்றிதழ்களை லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது. பிவிசி உறையில் நாளடைவில் அச்சு ஒட்டிக்கொள்ளும். ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட் இரண்டையும் எடுத்துவிட்டு வையுங்கள்: ஒன்று துருப்பிடிக்கும், மற்றது உருகி ஒட்டும். அட்டைப்பெட்டியில் ஆவணங்கள் வேண்டாம், ஈரத்தை உறிஞ்சிப் பூச்சியை அழைக்கும்.

வயர்களை ஒவ்வொன்றாக அதற்குரிய கருவியில் செருகிப் பாருங்கள். கருவி வீட்டில் இல்லையென்றால் வயரும் வேண்டாம். ஒவ்வொரு வகையிலும் உபரியாக ஒன்று போதும். தளர்வாகச் சுற்றுங்கள், இறுக்கி மடித்தால் முனையருகே உள்ளே அறுந்துவிடும்.

போனைக் கொடுக்கும் முன் தேவையானதை நகலெடுத்து, கணக்கிலிருந்து வெளியேறி, அதன் பிறகே ஃபாக்டரி ரீசெட் செய்யுங்கள். வெளியேறாமல் செய்தால் வாங்குபவருக்குப் போன் பூட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்ற மறக்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்கில் கோப்புகளை நீக்கினால் மட்டும் தகவல் அழிந்துவிடாது, முழுக்க மேலெழுதி அழிக்க வேண்டும்.

பேட்டரியில் கவனம் தேவை. பின்மூடி உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி குப்பையில் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். வைத்துக்கொள்ளும் கருவிகளை ஏறத்தாழ பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். எடுக்காத ரிமோட், டார்ச்சிலிருந்து செல்களைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளிருக்கும் தொடுமுனை அரித்துவிடும்.

திண்ணை:

அடுக்கியது அப்படியே நிற்க என்ன செய்வது என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு பொருளை எடுக்கும்போது நமக்குத் தேவை இருக்கிறது, அதனால் எவ்வளவு சிரமப்பட்டும் எடுப்போம். திரும்ப வைக்கும்போது தேவை முடிந்துவிட்டது. அதனால் எடுப்பதைவிட வைப்பது சுலபமாக இருக்க வேண்டும். தினமும் புழங்கும் எதுவும் மூடி போட்ட பெட்டியில் இருக்கக் கூடாது, இன்னொன்றின் அடியிலும் இருக்கக் கூடாது. ஒரு கையால், ஒரே அசைவில் வைக்க முடிய வேண்டும். உங்கள் மூடிப் பெட்டிகள் எடுபடாமல் போனதற்கு இதுதான் காரணம். அவற்றைப் பரணுக்கு அனுப்பிவிட்டுத் திறந்த கூடைகளுக்கு மாறுங்கள். எந்தத் தட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். முழுக்க நிரம்பிய தட்டில் ஒன்றை வைக்க இன்னொன்றை நகர்த்த வேண்டும், அதைச் சலிப்பில்லாமல் யாரும் செய்ய மாட்டார்கள்.

இழுப்பறை சொன்ன “தொலைந்துபோனால் திரும்ப வாங்குவேனா?” என்ற கேள்வியோடு ‘யோசிக்க’ என்று ஒரு பெட்டியும் வைக்கச் சொல்வேன். தயங்குகிறவர்களை உடனே முடிவெடுக்கச் சொன்னால் வேலையையே நிறுத்திவிடுவார்கள். ஒரே பெட்டிதான், டேப் ஒட்டி ஆறு மாதம் கழித்து வரும் தேதியை எழுதுங்கள். ஆவணம், சாவி, மருந்து அதற்குள் போகக் கூடாது.

வீட்டிலுள்ள மற்றவர்களின் பொருளை அவர்களைக் கேட்காமல் கழிக்காதீர்கள். ஒருமுறை அப்படி நடந்தால், பிறகு அவர்கள் எல்லாவற்றையும் பதுக்கத் தொடங்குவார்கள். இவ்வளவு தட்டு உனக்கு என்று இடத்தை மட்டும் வரையறுங்கள், எதை வைப்பது என்பது அவர்கள் விருப்பம்.

இரவு பத்து நிமிடம் ஒரு காலிக் கூடையோடு வீட்டைச் சுற்றி வந்தால் போதும். அப்போது எந்தப் பொருள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் கிடக்கிறது என்று கவனியுங்கள். நகவெட்டி ஒவ்வொரு நாளும் டிவி மேசையில் கிடந்தால், குளியலறை அலமாரி அதற்குச் சரியான இடமில்லை. டிவி மேசையிலேயே ஒரு சின்னக் கிண்ணம் வைத்து அதில் போடுங்கள்.