கலைச்சொல் வேண்டும்: 'மக்கள் இறையாண்மை'யா, வேறா? (திங்கட்கிழமைக்குள்)

தேவிகுளத்திலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக நாடாளுமன்றத் தேர்தல் பற்றிய குறிப்பை மலையாளத்திலிருந்து பெயர்க்கிறேன். 'ஜனங்களுடெ பரமாதிகாரம்', அதாவது உச்ச அதிகாரம் மக்களுக்கே என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நேற்று 'ஜனாதிபத்யம்' என்று பலகையில் எழுதினால், "ஜனாதிபதி ஆட்சியா டீச்சர்?" என்கிறான் ஒருவன். மலையாளத்தில் அது மக்களாட்சி, நமக்கு ஜனாதிபதி வேறு ஆள். திங்கள் காலை நகல் எடுக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
'மக்கள் இறையாண்மை' போதுமே. அரசியலமைப்பின் முகப்புரையிலேயே இறையாண்மை இருக்கிறது. பரீட்சையிலும் அதுதான் வரும்.

செங்கோட்டையிலிருந்து:
போதாது. 'மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப்படும்' என்கிறது குறள். அரசனுக்கு உரிய சொல்லைக் குடிகள் தலையில் கவிழ்ப்பதா? இறைக்கு வரி என்றும் பொருள். கல்வெட்டில் இறையிலி என்றால் வரியில்லா நிலம். நாளைக்கு யாராவது 'மக்களிறை' என்று சுருக்கினால் வீட்டுவரி ரசீது மாதிரி ஆகிவிடும். புறநானூறு மன்னனை உலகுக்கு உயிர் என்றது. கம்பன் அதைத் திருப்பிப் போட்டு, உயிரெல்லாம் உறையும் உடம்புதான் மன்னன் என்றான். உயிர் குடிகள் பக்கம் வந்துவிட்டது, பாருங்கள்! ஆகவே 'குடிக்கோன்மை', அதாவது குடிகளின் ஆட்சி.

தேவிகுளத்திலிருந்து:
ஐயா, இங்கே குடி என்றால் முதுவான் பழங்குடியினரின் ஊர். இடமலைக்குடி என்று பஞ்சாயத்தே இருக்கிறது. இன்னொரு குடியை நான் சொல்லவே வேண்டாம், வகுப்பே சிரிக்கும்.

பாலக்காட்டிலிருந்து:
இலங்கை அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை 'இறைமை' என்கிறது. அது மக்களுடையது, வாக்குரிமையும் அதில் அடக்கம். 'மக்கள் இறைமை' என்றால் வாய்க்கும் சுருக்கம். ஆனால் சொல்லை விடுங்கள், பொருளில்தான் எனக்குச் சிக்கல். ஆங்கிலேயர் நாடாளுமன்றத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது மட்டுமே சுதந்திரர், முடிந்ததும் அடிமைகள் என்று 1762இல் அரசியல் சிந்தனையாளர் ரூசோ எழுதினார். நமக்கும் மை காய்ந்தபின் 5 ஆண்டு காத்திருப்புதான், எம்.பி.யைத் திரும்ப அழைக்க வழியில்லை. அப்படியானால் ஓட்டுப் போடுவது அதிகாரத்தைக் கையாள்வதா, கைமாற்றுவதா? கைமாற்றினாலும் முழுசாக இல்லை. நம் காசர்கோடு எடநீர் மடத்துச் சாமியார் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்று 1973இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எம்.பி.க்கள் வாடகைக்கு இருப்பவர்கள்; சுவரை இடிக்கக் கூடாது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
வாடகை உவமை நன்றாயிருக்கிறது. கலைச்சொல் எங்கே?

தேவிகுளத்திலிருந்து:
சரி, கொழிஞ்சாம்பாறை சொன்னபடி 'மக்கள் இறையாண்மை' என்றே போட்டுவிட்டேன். வாடகைக்காரர் கதையும் குறிப்பில் சேர்ந்துவிட்டது, பாலக்காட்டு சாருக்கு நன்றி. கரண்ட் போவதற்குள் நகல் எடுக்கக் கிளம்புகிறேன். ஒரு பெண்பிள்ளை மட்டும் "இதில் எதுக்கு டீச்சர் ஆண்மை?" என்றாள். ஆள்வதிலிருந்து வந்தது என்று சமாளித்தேன்.

செங்கோட்டையிலிருந்து:
சமாளிப்பே வேண்டாம், அந்தப் பிள்ளை கேட்டது சரி. கோன்மையில் அந்தத் தொல்லை இல்லை. நான் ஒப்பவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். 'ஆள்' வேர் பற்றி இரவு விரிவாக எழுதுகிறேன்.