எல்லாத் திரையும் ஒரே மாதிரி இருக்க பேஸ் ஃபார்ம்: உங்கள் அனுபவம் என்ன?

டெல்பி என்ற நிரலாக்கக் கருவியில் ஒரு ஃபார்மிலிருந்து (திரையிலிருந்து) இன்னொரு ஃபார்மைப் பெறும் வசதி 1996-இல் டெல்பி 2-லேயே வந்துவிட்டது. எழுத்துரு, சேமி-ரத்து பட்டன்கள், எஸ்கேப் தட்டினால் மூடுவது எல்லாம் பேஸ் ஃபார்மில், அதாவது மற்றத் திரைகளுக்குத் தாயான திரையில், ஒரே ஒரு முறை. அடிக்கடி வரும் தொல்லை இது: பேஸில் பட்டனை நகர்த்தினால் எல்லாத் திரையும் மாறும், ஒன்று மட்டும் அசையாது. அந்த ஃபார்மைத் திறந்து ஆல்ட்+எஃப்12 தட்டிப் பாருங்கள், திரையின் அமைப்பு எழுத்து வடிவில் தெரியும். பட்டனின் பெயருக்கு முன்னால் 'ஆப்ஜெக்ட்' என்பதற்குப் பதிலாக 'இன்ஹெரிட்டட்' என்றிருக்கும்; அதன் கீழே 'லெஃப்ட் = 312' என ஒரு வரி உட்கார்ந்திருக்கும். யாரோ மவுஸால் லேசாக இழுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஒரு முறை அங்கே எழுதப்பட்ட மதிப்பு பேஸ் சொல்வதைக் கேட்காது. வரியை அழியுங்கள், அல்லது பண்புகளைக் காட்டும் ஆப்ஜெக்ட் இன்ஸ்பெக்டரில் அந்த ப்ராபர்ட்டிமேல் ரைட் கிளிக் செய்து 'ரிவர்ட் டு இன்ஹெரிட்டட்' கொடுங்கள்.

*

கீழே எழுதப்பட்ட மதிப்பு பேஸை மீறும் என்பது சி ஷார்ப் மொழியில் திரைகள் அமைக்கும் வின்ஃபார்ம்ஸுக்கும் பொருந்தும். ஆனால் அங்கே பெரிய சிக்கல் வேறு. பேஸில் சேமி பட்டனுக்கு ஒரு கிளிக் ஹேண்ட்லர் (தட்டினால் ஓடும் கோடு), பேஸிலிருந்து பெற்ற கீழ் ஃபார்மில் சரிபார்க்க இன்னொன்று என்று வைக்கவே வைக்காதீர்கள். ஃபார்ம் உருவாகும்போது பேஸின் கன்ஸ்ட்ரக்டர்தான் முதலில் ஓடும், அதன் ஹேண்ட்லர்தான் முதலில் பதிவாகும். ஆக, சேமித்து மூடிய பிறகுதான் உங்கள் சரிபார்ப்பு நடக்கும்! சரியான வழி: கிளிக் ஹேண்ட்லர் பேஸில் மட்டும். அது சரிபார்க்கும் மெத்தடை அழைக்கட்டும். 'ட்ரூ' வந்தால் சேமிக்கும் மெத்தடை அழைத்து மூடட்டும். இரண்டும் ப்ரொடெக்டட் வெர்ச்சுவல், அதாவது கீழ் ஃபார்ம் மாற்றி எழுதக்கூடியவை. கீழ் ஃபார்ம் அந்த இரண்டை மட்டும் ஓவர்ரைடு செய்தால் போதும்.

பேஸில் கோடு இல்லாமல் பெயரை மட்டும் வைத்து அவற்றை அப்ஸ்ட்ராக்ட் ஆக்கத் தோன்றும், வேண்டாம். கீழ் ஃபார்மைக் காட்ட டிசைனர் (திரையை வடிவமைக்கும் கருவி) பேஸ் கிளாஸின் ஆப்ஜெக்டை உருவாக்கியாக வேண்டும். அப்ஸ்ட்ராக்ட் என்றால் முடியாமல் பிழைத் திரை காட்டும். இதே காரணத்தால் பேஸின் கன்ஸ்ட்ரக்டரில் டேட்டாபேஸைத் திறந்தால் டிசைனரிலும் அது ஓடும். டிசைனரில் ஓடுகிறதா என்று அறிய அங்கே 'டிசைன்மோட்' பார்த்துப் பயனில்லை, கன்ஸ்ட்ரக்டரில் அது எப்போதும் 'ஃபால்ஸ்'தான். 'லைசென்ஸ்மேனேஜர்.யூசேஜ்மோட்' பாருங்கள்.

*

பழைய விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ நிரல்களைப் பராமரிப்பவர்களுக்கு ஒன்று. கீழ் கிளாஸின் 'இனிட்'டில் (ஃபார்ம் தொடங்கும்போது ஓடும் மெத்தட்) கோடு எழுதினால் மேல் கிளாஸின் 'இனிட்' ஓடாது. மேலுள்ளதை அழைக்க 'டூடிஃபால்ட்()' போட்டே ஆக வேண்டும். வெறும் கமென்ட் ஒரு வரி இருந்தாலே போதும், மேலே உள்ளது நின்றுவிடும். காரணமே தெரியாமல் ஒரு திரை மட்டும் நிறமோ எழுத்துருவோ மாறி நின்றால், முதலில் அந்த மெத்தடில் யாராவது கமென்ட் விட்டுப் போயிருக்கிறார்களா என்று பாருங்கள்.