குடும்பக் குழு: பெரியப்பாவின் புது இன்ஹேலர்

[காலை 5:48] சுமதி: யாராவது முழிச்சிருக்கீங்களா? உங்க பெரியப்பா ராத்திரி 9 மணிக்கு ஒண்ணுக்குப் போனதுதான். அப்புறம் நாலு தடவை எழுந்து போய் நின்னுட்டு வந்துட்டார், சொட்டு வரல. அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு.

[5:50] ரவி: அண்ணி, நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க. வந்துடும்.

[5:51] நித்யா: வேண்டாம்ப்பா. உள்ள இருக்கறதே வெளிய வர வழியில்லாம நிக்குது. பெரியம்மா, மூணு வாரம் முன்னாடி ஆரம்பிச்ச இன்ஹேலர்ல என்ன பேர் போட்டிருக்கு?

[5:54] சுமதி: டியோட்ரோப்பியம்.

[5:54] நித்யா: சளிக்கு ஏதாவது மாத்திரை போட்டாரா? அட்டைல குளோர்பெனிரமைன்னு இருக்கா பாருங்க.

[5:57] சுமதி: ஆமா, இருக்கு. முந்தாநாள்லேர்ந்து போடறார், ராத்திரியும் ஒண்ணு.

[5:58] நித்யா: கதிர் அண்ணா, இப்பவே அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, விடியட்டும்னு இருக்காதீங்க. இன்ஹேலர், மாத்திரை அட்டை எல்லாத்தையும் பையில போட்டுக்கோங்க. அங்க நெபுலைசர் வைக்க வந்தா, ஒண்ணுக்கு அடைச்சிருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க. அதுல சேர்க்கற இப்ராட்ரோப்பியமும் இந்த இன்ஹேலர் மாதிரியே ஒண்ணுக்கை அடைக்கக்கூடிய வகை மருந்துதான்.

[5:59] கதிர்: கிளம்பிட்டோம்.

[8:36] கதிர்: டியூப் போட்டாங்க. 900 மில்லி வந்துச்சு. இப்ப நிம்மதியா படுத்திருக்கார். ஆனா கிட்னிக்கு எடுத்த ரத்தப் பரிசோதனைல கிரியாட்டினின் 1.9. போன மாசம் 1.1 தான் இருந்துச்சு. கிட்னி போயிடுச்சா நித்யா?

[8:41] நித்யா: பயப்படாதீங்கண்ணா. மூத்திரப்பை நிரம்பி வழி இல்லாதப்போ அந்த அழுத்தம் மேல சிறுநீரகம் வரைக்கும் ஏறும், அதனாலதான் கூடியிருக்கும். சீக்கிரம் வடிச்சுட்டா பெரும்பாலும் இறங்கிடும். திரும்ப எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, உடம்புல சேர்ற டியோட்ரோப்பியம் முக்கியமா சிறுநீரகம் வழியாத்தான் வெளியேறும். அது மந்தமானா மருந்தும் உள்ளயே தங்கும்.

[8:44] ரவி: நுரையீரலுக்கு உறிஞ்சற மருந்து மூத்திரப்பை வரைக்கும் எப்படிம்மா போகும்?

[8:50] நித்யா: கொஞ்சம் ரத்தத்துல கலக்கும்ப்பா. மூச்சுக்குழாயைச் சுருக்கறது அசிட்டைல்கோலின்ங்கற சமிக்ஞை. அதை இந்த மருந்து தடுக்கறதாலதான் மூச்சு லேசாகுது. மூத்திரப்பை சுருங்கி வெளிய தள்ளறதுக்கும் அதே சமிக்ஞைதான் வேணும். பெரியப்பாவுக்கு மூத்திரப்பைக்குக் கீழ இருக்கற புராஸ்டேட் சுரப்பி வேற வீங்கியிருக்கு, வழியே குறுகல். அதுக்கு மேல குளோர்பெனிரமைனும் அதே வேலையைச் செய்யும். கனடாவோட ஒன்டாரியோல நடந்த ஆய்வு ஒண்ணு 2011ல வந்துச்சு. அதுலயும் இந்த வகை இன்ஹேலரைப் புதுசா ஆரம்பிச்சவங்க, புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்கள், இவங்களுக்குத்தான் இந்த அடைப்பு அதிகமா வந்திருந்துச்சு.

[10:15] ராமலிங்கம்: நித்யாம்மா, ஆரம்பிச்ச வாரத்துலேர்ந்தே சன்னமாத்தான் போச்சு. முக்கி முக்கி நிக்கணும். வயசுன்னு நெனச்சேன். நுரையீரல் டாக்டர்கிட்ட போய் மூத்திரத்தைப் பத்தி என்னன்னு சொல்றது? ராத்திரி எழுந்திருக்க பயந்து தண்ணியையும் குறைச்சுட்டேன்.

[10:18] நித்யா: பெரியப்பா, தப்பு என் மேல. அன்னிக்கு போன்ல வாய் வறளுதான்னு மட்டும்தான் கேட்டேன். மருந்துக்கடைல தினம் நிக்கறவ, புராஸ்டேட் இருக்குன்னும் தெரிஞ்சவ, நானே இதையும் கேட்டிருக்கணும். எனக்கே மனசு ஆறல.

[10:20] ராமலிங்கம்: நீ கேட்டதாலதானே இப்ப இங்க இருக்கேன். அழாத.

[10:26] சுமதி: அந்த இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுடவா?

[10:27] நித்யா: வேண்டாம் பெரியம்மா. பதிலுக்கு ஒண்ணும் இல்லாம சட்டுனு நிறுத்தினா மூச்சு முட்டும். டாக்டர் என்ன சொல்றார்னு கேட்டுக்கலாம்.

[12:40] கதிர்: டாக்டர் அதை நிறுத்திட்டார். வேற வகை இன்ஹேலர் எழுதியிருக்கார், ஃபார்மோடெரால். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின். வெள்ளிக்கிழமை டியூபை எடுத்துட்டு, தானா போகுதான்னு பாப்பாங்க. அன்னிக்கே கிரியாட்டினினும் எடுக்கணும்.

[12:43] நித்யா: டாம்சுலோசின் போட்டதும் சட்டுனு எழுந்தா தலை சுத்தலாம். கட்டில்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எழுந்திருக்கச் சொல்லுங்க பெரியம்மா.

[12:44] சுமதி: சரிம்மா. டியூப் எடுத்த பிறகு எத்தனை மணிக்கு, எவ்வளவு போறார்னு நோட்டுல எழுதி வைக்கறேன்.