செட் ஹோம்கிரென் எந்த டிராஃப்ட் வகுப்பு, 2022-ஆ 2023-ஆ?

கேள்வி:
ஒவ்வோர் ஆண்டு என்பிஏ டிராஃப்டுக்கும் (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வருகிறேன். ஹோம்கிரெனிடம் வந்து நின்றுவிட்டேன். 2022-இல் இரண்டாவதாகத் தேர்வானார், பாதத்தில் காயம், அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. அடுத்த சீசனில் 2023-இன் முதல் தேர்வான வெம்பன்யாமாவோடு சிறந்த ரூக்கி (புதுமுக வீரர்) விருதுக்குப் போட்டியிட்டார். அவரை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

பதில் 1:
2022 பக்கத்தில்தான். டிராஃப்டில் பெயர் வாசிக்கப்பட்ட ஆண்டுதான் வகுப்பு, அது மாறாது. ரூக்கி ஆண்டு என்பது என்பிஏ-வில் முதன்முதலாகக் களமிறங்கும் சீசன். பிளேக் கிரிஃபின் 2009-இன் முதல் தேர்வு, ஆனால் சிறந்த ரூக்கி ஆனது 2010-11-இல். எனக்கு மிகவும் பிடித்தவர் அர்விடாஸ் சபோனிஸ். போர்ட்லாண்ட் அணி அவரை 1986-இல் எடுத்தது, அவர் வந்து ஆடியது 1995-96-இல்! முப்பது வயதைத் தாண்டியவர், ஐரோப்பாவையே கலக்கியவர். ஆனாலும் கணக்கில் ரூக்கிதான். வெளிநாட்டு லீக் அனுபவம் சேராது.

கேள்வி கேட்டவர்:
சரி, அப்படியென்றால் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் காயமடைந்தால்?

பதில் 2:
ரூக்கி ஆண்டு போய்விட்டது. ஜூலியஸ் ராண்டில் 2014-இல் லேக்கர்ஸ் அணிக்காக முதல் ஆட்டத்திலேயே காலை உடைத்துக்கொண்டார். அடுத்த சீசனில் முழுதாக ஆடியும் ரூக்கி பட்டியலில் இடமில்லை. இது நியாயமே இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பதில் 1:
அப்புறம் ஒன்று, பென் வாலஸ் போல டிராஃப்டில் யாரும் எடுக்காதவர்களுக்கும் ஒரு பக்கம் வையுங்கள். அவருக்கு ரூக்கி ஆண்டு உண்டு, 1996-97. வகுப்புதான் கிடையாது.